துகள் ஒன்று, திரவங்கள் பல: உடலுக்குள் உலோக ஆக்சைடு நானோ துகள்கள்

பாரிஸ் நகரக் கடையொன்றில் விற்கப்படும் வெண்ணிறச் சர்க்கரை மிட்டாயில் டைட்டேனியம் டையாக்சைடு என்ற நிறமி இருக்கக் கூடாது. லண்டனிலோ டொரோண்டோவிலோ விற்கப்படும் அதே வகை மிட்டாயில் அது இருப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இ171 என்ற எண்ணால் குறிக்கப்படும் இந்த நிறமியை உணவில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு தடை விதித்தது. பிரிட்டனும் கனடாவும் ஏறத்தாழ அதே ஆய்வுகளைப் பரிசீலித்து, அப்படியொரு தடை தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தன.

பொருள் ஒன்று, சான்றுகளும் ஏறத்தாழ ஒன்று, ஆனால் முடிவுகள் வேறு. வணிக நலன்களையும் அரசியலையும் மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. சர்ச்சையின் மையத்தில் ஓர் அடிப்படையான அறிவியல் கேள்வி இருக்கிறது. தொழிற்சாலையில் மூட்டை கட்டப்படும் உலோக ஆக்சைடுத் துகள், இரைப்பையின் அமிலத்தையோ, நுரையீரலின் ஈரத்தையோ, இரத்தத்தையோ அடைந்த பிறகும் அதே துகளாகவே இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

பெரும்பாலும் இல்லை என்பதே ஆய்வாளர்கள் தரும் பதில். சில துகள்கள் கரைந்து மறைகின்றன. சில ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திரள்களாகின்றன. ஏறத்தாழ எல்லாத் துகள்களும் உடலின் புரதங்களைத் தம்மீது போர்த்திக் கொள்கின்றன. எந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் மருந்தாவதும், தீங்கற்ற நிறமியாவதும், நோய்க்குக் காரணமாவதும் அமைகின்றன.

நானோ அளவு என்றால் என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஐரோப்பிய ஆணையம் 2011இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வரையறையின்படி, ஒரு பொருளில் உள்ள துகள்களில், எண்ணிக்கையின் அடிப்படையில், பாதியோ அதற்கு மேலோ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் இருந்தால் அது நானோ பொருளாகக் கருதப்படும்.

அளவு குறையும்போது, அதே எடையுள்ள பொருளின் மேற்பரப்பு பெருகுகிறது. பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளைப் பத்து நானோமீட்டர் துகள்களாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு ஆயிரம் மடங்காகும். வேதிவினைகள் மேற்பரப்பில்தான் நடக்கின்றன என்பதால், ஒரு பொருள் சுற்றியுள்ள திரவத்துடன் உறவாடும் வேகமும் விதமும் இதனால் மாறுகின்றன.

டைட்டேனியம், துத்தநாகம், இரும்பு, செம்பு, அலுமினியம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இன்று வண்ணப்பூச்சுகளிலும், வெயில் காப்புக் களிம்புகளிலும், மாத்திரைப் பூச்சுகளிலும், மெருகேற்றும் தூள்களிலும், மருத்துவத்திலும் பயன்படுகின்றன. இவற்றுடன் தொடர்பு இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது நகரவாசி எவருக்கும் கடினம்.

செயற்கை உடல் திரவங்கள்

மனித உடலுக்குள் துகள்களைச் செலுத்தி வேடிக்கை பார்க்க முடியாது. ஆகவே உடலின் திரவங்களைப் போன்ற கரைசல்களை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அவற்றில் துகள்களை இட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்கவைக்கும் உப்புக் கரைசல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. அது வடித்த நீரில் அல்ல, லண்டனின் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. குழாய் நீரில் இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம். 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் இக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். மருத்துவமனைகளில் இன்றும் நரம்பு வழியே ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் இதன் வழித்தோன்றலே.

அதற்குப் பிறகு உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாதிரித் திரவம் உருவாக்கப்பட்டது. இரைப்பைத் திரவத்தின் மாதிரியில் உப்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெப்சின் ஆகியவை இருக்கும், அதன் பி.எச். அளவு சுமார் 1.2. நுரையீரலின் திசுக்களிடையே உள்ள திரவத்துக்கு கேம்பிள் கரைசல் எனப்படும் 7.4 பி.எச். அளவுள்ள உப்புக் கரைசல் மாதிரியாகிறது. நுரையீரலைத் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் துகள்களை விழுங்கித் தம்முள் இருக்கும் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் தள்ளுகின்றன. அந்தப் பையின் திரவத்துக்கான மாதிரியின் பி.எச். அளவு 4.5.

ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் டடாஷி கோகுபோவும் சகாக்களும் 1990இல் விவரித்த கரைசல், மனித இரத்தத் தெளிவில் உள்ள அயனிகளை ஏறத்தாழ அதே அளவுகளில் கொண்டது. எலும்பில் பொருத்தப்படும் உறுப்புகளைச் சோதிக்க இது பயன்படுகிறது. உரிய முறையில் பக்குவப்படுத்திய டைட்டேனியத்தை இதில் மூழ்கவைத்தால், அதன் ஆக்சைடுப் பரப்பின் மீது எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட் படலம் வளர்கிறது. அத்தகைய பரப்பு உடலுக்குள்ளும் எலும்புடன் பிணையும் என்று எதிர்பார்க்கலாம். 2007இல் இம்முறை சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

ஆனால் இந்தக் கரைசலில் புரதம் கிடையாது. உண்மையான இரத்தத் தெளிவிலோ லிட்டருக்கு சுமார் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. மாதிரித் திரவம் எதை விட்டுவைத்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் அதன் முடிவுகளைப் படிக்க முடியாது.

மூன்று மாற்றங்கள்

முதலாவது, கரைதல். செம்புப் பாத்திரத்தில் படியும் கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்துப் போக்குவது தமிழ் வீடுகளில் அறியப்பட்ட முறை. பாத்திரத்தின் மேலுள்ள செம்பு ஆக்சைடு புளியின் அமிலத்தில் கரைந்து செல்கிறது. ஏறத்தாழ இதுவே லைசோசோமுக்குள்ளும் நடக்கிறது. நடுநிலையான திரவத்தில் மெதுவாகவே கரையும் செம்பு ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும், அமிலத்தன்மை கொண்ட அந்தப் பைக்குள் வேகமாகக் கரைந்து அயனிகளை வெளிவிடுகின்றன. உயிரணுவின் வாயிலைத் தாண்டுவதற்குச் சிரமப்படக்கூடிய உலோக அயனிகள், துகளின் உருவில் உள்ளே சென்று அங்கே மொத்தமாக விடுவிக்கப்படுகின்றன. டைட்டேனியம் டையாக்சைடு இதற்கு நேர்மாறானது. மேற்சொன்ன மாதிரித் திரவங்கள் எதிலும் அது குறிப்பிடத்தக்க அளவு கரைவதில்லை.

இரண்டாவது, திரளுதல். தூய நீரில் மிதக்கும் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் உப்புச் சேரும்போது அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன. விலக்கு விசை வலுவிழக்க, ஈர்ப்பு விசை மேலோங்குகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு சுமந்து வரும் மெல்லிய வண்டல், கடலின் உப்பு நீரைச் சந்திக்கும் கழிமுகத்தில் திரண்டு படிவதற்கும் இது ஒரு காரணம். துகளின் மின்னூட்டம் திரவத்தின் பி.எச். அளவையும் பொறுத்தது. டைட்டேனியம் டையாக்சைடு பி.எச். 6ஐ ஒட்டிய நிலையில் நிகர மின்னூட்டத்தை இழக்கிறது. இரத்தத்தின் பி.எச். அளவு அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. உப்பும் அங்கே நிறைய இருக்கிறது. ஆகவே தனித்தனியாக இட்ட துகள்கள், பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால், சில நிமிடங்களிலேயே பல நூறு நானோமீட்டர் அளவுள்ள கொத்துகளாகிவிடக் கூடும்.

மூன்றாவது, புரதப் போர்வை. உடல் திரவத்தில் நுழைந்த துகளின் மீது சில நொடிகளிலேயே புரதங்கள் படியத் தொடங்குகின்றன. முதலில் வந்து ஒட்டுபவை எண்ணிக்கையில் அதிகமானவை. நேரம் செல்லச் செல்ல அந்தப் பரப்பை அதிகம் நாடும் புரதங்கள் அவற்றை வெளியேற்றி இடம் பிடிக்கின்றன. புரதங்களின் இந்த இடமாற்றத்தை 1962இல் விவரித்தவர் லியோ வ்ரோமன் என்ற இரத்த ஆய்வாளர். நெதர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர் டச்சு மொழியின் புகழ்பெற்ற கவிஞருமாவார். நானோ துகள்களுக்கு இக்கருத்தைப் பொருத்தி, புரத ஒளிவட்டம் என்ற பெயரால் அதைப் பரவலாக்கியது, டப்ளின், லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை. உயிரணு சந்திப்பது வெறும் ஆக்சைடுப் பரப்பை அல்ல, இந்தப் போர்வையைத்தான் என்பது அதன் சாரம். போர்வை சில வேளைகளில் துகள்களைத் திரளவிடாமல் தடுக்கிறது. சில வேளைகளில் துப்புரவு உயிரணுக்களுக்கு அவற்றை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது.

துத்தநாகம்: ஒரே பொருள், இரு விதிகள்

துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையில் துத்தநாக ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. அதைச் சுவாசித்த தொழிலாளிக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வருகின்றன. ஓரிரு நாட்களில் அவை தணிந்துவிடுகின்றன. உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படும் இது, பித்தளை வார்ப்போரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. தொடர்ந்து புகையில் இருப்பவர்களின் உடல் ஓரளவு பழகிக்கொள்வதும், வார விடுமுறையில் அந்தப் பழக்கம் நீங்கிவிடுவதும் காரணமாக, திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் இதற்கொரு பெயர் உண்டு. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளிலும் வெல்டர்களாக வேலை செய்யும் தமிழர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

அதே துத்தநாக ஆக்சைடு வெயில் காப்புக் களிம்பாகத் தோலில் பூசப்படுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், துத்தநாகம்-68 என்ற நிலையான ஐசோடோப்பால் தயாரித்த களிம்பை 20 பேர் ஐந்து நாட்கள் கடற்கரையில் பூசிக்கொண்டார்கள். அவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தத் துத்தநாகம் மிகச் சிறிய அளவில் தென்பட்டது. ஆனால் தோலைக் கடந்து சென்றது துகளா அல்லது கரைந்த அயனியா என்பதை அந்த அளவீட்டால் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு முக்கியமானது. கரைந்த துத்தநாகம் உடலுக்குப் பழக்கமான சத்துப்பொருள். அதன் அளவும் அற்பமானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகள் 2016இல் இதற்கேற்பத் திருத்தப்பட்டன. நானோ வடிவத் துத்தநாக ஆக்சைடை வெயில் காப்புப் பொருளாகக் களிம்புகளில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம். நுரையீரலுக்குள் செல்ல வாய்ப்புள்ள தெளிப்பு வடிவங்களில் சேர்க்கக் கூடாது.

இரும்பு: கரைவதே பயனாகும்போது

கரைதல் எப்போதும் தீங்கல்ல என்பதற்கு இரும்பு ஆக்சைடு எடுத்துக்காட்டு. சர்க்கரை வகைப் பொருளால் போர்த்தப்பட்ட இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைக் கொண்ட ஃபெருமொக்சிடால் என்ற ஊசி மருந்தை, சிறுநீரக நோயாளிகளின் இரும்புச் சத்துக் குறைபாட்டுக்கு அமெரிக்க அரசு 2009இல் அங்கீகரித்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள துப்புரவு உயிரணுக்கள் துகள்களை விழுங்குகின்றன. உள்ளே அமிலச் சூழலில் அவை கரைகின்றன. விடுபடும் இரும்பு உடலின் இருப்பில் சேர்ந்து இறுதியில் இரத்தச் சிவப்பணுக்களுக்குச் செல்கிறது. பூச்சு இல்லாவிட்டால் துகள்கள் இரத்தத்தில் திரண்டுவிடும். சற்றே விரைவாகக் கரைந்தால் கட்டற்ற இரும்பு இரத்தத்தில் கலந்து தீங்கு செய்யும். மெதுவாக, உரிய இடத்தில் கரைவதே இம்மருந்தின் அடிப்படை. இருப்பினும், உயிராபத்தான ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்ற மிகக் கடுமையான எச்சரிக்கை 2015இல் இதன் உறையில் சேர்க்கப்பட்டது.

டைட்டேனியம்: தண்ணீரிலா, தீவனத்திலா?

உணவு நிறமி சர்ச்சைக்கு வித்திட்டது, பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட எலி ஆய்வு. இ171 கலந்த குடிநீரை 100 நாட்கள் அருந்திய சில எலிகளின் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் காணப்பட்டன. பிரான்ஸ் 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து உணவில் இதற்குத் தடை விதித்தது. 2019இல், தொழில்துறையின் நிதியுதவியுடன் நடந்த மற்றோர் ஆய்வில், நிறமி எலிகளின் தீவனத்தில் கலந்து தரப்பட்டது. அதில் அத்தகைய விளைவு தென்படவில்லை.

நிதி கொடுத்தவர் யார் என்று கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் எலிகளின் குடலை அடைந்தது ஒரே வடிவிலான பொருள்தானா என்ற கேள்வியும் அதற்கிணையாக நியாயமானது. நீரில் பரவியிருக்கும் துகள்கள் ஒரு விதம். மாவிலும் கொழுப்பிலும் புரதத்திலும் சிக்கியிருக்கும் திரள்கள் வேறு விதம். துகள்களை மீயொலியால் உடைத்துப் பிரித்துத் தரும் சோதனைகள், மனிதர்கள் உணவில் உட்கொள்ளும் நிலையைப் பிரதிபலிப்பதில்லை என்ற வாதத்துக்கு கனடா சுகாதாரத் துறையின் 2022ஆம் ஆண்டு அறிக்கை முக்கியத்துவம் அளித்தது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேறு கோணத்தில் அணுகியது. குடலிலிருந்து உறிஞ்சப்படும் அளவு குறைவென்றாலும், கரையாத துகள்கள் உடலில் சேர்ந்துகொண்டே போகலாம்; மரபணுப் பொருளுக்குச் சேதம் விளையும் சாத்தியத்தை விலக்க முடியாத நிலையில், இ171ஐப் பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என 2021 மே மாதம் அது அறிவித்தது. தீங்கு நிரூபிக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை. பிரிட்டனின் உணவுத் தர முகமை இம்முடிவை ஏற்கவில்லை. உணவுச் சேர்க்கைப் பொருட்கள் குறித்த ஐ.நா. அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழுவும் 2023இல் தனது பழைய நிலைப்பாட்டையே உறுதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் மருந்து மாத்திரைகளின் பூச்சுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது.

நீதிமன்றத்துக்குச் சென்ற அடர்த்தி

உணவுத் தடைக்குப் புறம்பாக இன்னொரு வழக்கும் நடந்தது. டைட்டேனியம் டையாக்சைடுத் தூளைச் சுவாசித்தால் புற்றுநோய் உண்டாக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் பொருளாக ஐரோப்பிய ஆணையம் வகைப்படுத்தியிருந்தது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது 1995இல் வெளியான எலி ஆய்வு. எலிகளின் நுரையீரல் தாங்கும் அளவை மீறித் துகள்கள் நிரம்பியதால்தான் கட்டிகள் தோன்றினவா என்பதைக் கணக்கிட வேண்டியிருந்தது. நிபுணர் குழு, தனித் துகளின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டது. ஆனால் துகள்கள் திரளும் இயல்புடையவை. திரளுக்குள் வெற்றிடம் இருப்பதால் அதன் அடர்த்தி குறைவு. ஆகவே அதே எடை நுரையீரலில் அதிக இடத்தை அடைக்கும். இதைக் குழு கவனத்தில் கொள்ளவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த வகைப்படுத்தலை ரத்து செய்தது. பிரான்ஸும் ஐரோப்பிய ஆணையமும் தொடுத்த மேல்முறையீடுகளை 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய நீதிமன்றம் நிராகரித்தது.

துகள்கள் ஒட்டிக்கொள்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா என்ற ஆய்வுக்கூட விவரம், ஒரு பெரும் தொழில்துறையின் எச்சரிக்கைச் சீட்டைத் தீர்மானித்த தருணம் இது. நுரையீரலில் துகள்கள் சேர்வது தீங்கற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எந்தக் கேள்வியைக் கேட்பது?

ஒரு பொருளின் பெயரை மட்டும் வைத்து அதன் தன்மையை முடிவு செய்யும் பழைய முறை போதாது என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் மெல்ல ஏற்று வருகின்றன. நானோ பொருட்களைச் சோதிக்கும் முறைகளை ஒருங்கிணைக்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓ.இ.சி.டி. 2006இல் தனிக் குழு அமைத்தது. உணவில் சேரும் நானோ பொருளை முதலில் செயற்கைச் செரிமானத் திரவத்தில் இட்டுப் பார்க்குமாறு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி கூறுகிறது. குடல் திரவத்தில் 30 நிமிடங்களுக்குப் பின் எடையில் 12 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே துகள்களாக எஞ்சினால், அது விரைவில் சிதையும் பொருளாகக் கருதப்படும். எஞ்சுபவை அதிகமென்றால் விரிவான சோதனைகள் தேவைப்படும்.

செலவு குறைந்த, விலங்குகள் தேவைப்படாத இந்தச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. கண்ணாடிக் குவளையில் உள்ள திரவத்தில் இரத்த ஓட்டம் இல்லை, சளிப்படலம் இல்லை, நோய் எதிர்ப்பு அமைப்பு இல்லை, பல ஆண்டுகள் நீளும் வாழ்க்கையும் இல்லை. ஒரு துகள் கரையாது என்பதை அது உறுதியாகச் சொல்லும். கரையாமல் நாற்பது ஆண்டுகள் கல்லீரலில் தங்கினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியமும் பிற நாடுகளும் பிரிவது இந்த இடைவெளியில்தான். சான்று போதாத நிலையில் பொருளை விலக்கி வைப்பதா, தீங்கு தெரியும்வரை அனுமதிப்பதா என்ற தேர்வை எந்தத் திரவமும் மனிதர்களுக்காகச் செய்து தராது. அது அரசியல் தேர்வு. ஆனால் அந்தத் தேர்வைச் செய்பவர்கள், தங்கள் முன் வைக்கப்படும் ஒவ்வோர் ஆய்விலும் துகள் எந்தத் திரவத்தில், எந்த வடிவில், எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்க வேண்டியது கட்டாயமாகிறது. பெயர்ப் பட்டியலைப் பார்த்து மிட்டாய் வாங்கும் நுகர்வோருக்கும் அந்தக் கேள்வி அந்நியமானதல்ல.